இறந்த தேதி

திருத்தணியில் வக்கீல் சடகோபனுக்கு இன்ன வழக்குதான் என்று கிடையாது. வரப்புத் தகராறு, ஏரி மதகுத் தகராறு, ஆட்டைத் திருடியவன், ஆளை அடித்தவன், பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், மலைப்படிக்கட்டில் தேங்காய்க் கடை ஏலம் எடுத்தவனுக்கும் பக்கத்துக் கடைக்காரனுக்கும் கைகலப்பு, எல்லாம் அவரிடம்தான் வரும். தாலுகா அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஜனங்கள் பேசுவது பாதிக்கு மேல் தமிழ், பத்திரம் எழுதுவது தெலுங்கு, தீர்ப்பு இங்கிலீஷ். அதனால் வழக்கே இல்லாமல், கையிலிருக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகவே நாளைக்கு நாலு பேர் வந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு ஐப்பசியில் அப்படித்தான் அம்சா வந்தாள். ஆலங்கண்டிகையிலிருந்து நாலு மைல் நடை. மழை பெய்வதும் விடுவதுமாக இருந்தது. முழங்கால் வரை சேறு. மடியில் வாழைச்சருகு சுற்றிய முத்திரைத்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம் மழையில் கரைந்து மூக்குத் தண்டுவரை இறங்கியிருந்தது.

“யார் எழுதிக் குடுத்தது இது?” என்று கேட்டார் குமாஸ்தா பக்தவச்சலம்.

“எங்க கொழுந்தனாருங்க. திங்கக்கெழம ரெஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ரேகை வெச்சிட்டுப் போன்றாரு. இன்னா எழுதிகீதுன்னு கேட்டா, சொம்மா குடும்பப் பத்திரந்தான்றாரு.”

பக்தவச்சலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெலுங்கைத் தமிழாக்கிப் படித்தார். “காலஞ்சென்ற வீராசாமியின் விதவையாகிய அம்சா என்கிற நான்...”

“இருங்க. காலஞ்சென்றன்னா இன்னாங்க?”

குமாஸ்தா வக்கீலைப் பார்த்தார். சடகோபன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

“செத்துப்போனன்னு அர்த்தம்,” என்றார் பக்தவச்சலம்.

அம்சா எழுந்துவிட்டாள். “அவரு சாவலீங்க. பட்டாளத்துல கீறாரு.”

சடகோபன் அவளை உட்காரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் புருஷன் வீராசாமி நாற்பத்தொன்றில் பட்டாளத்துக்கு மண் வேலை செய்யும் கூலிப்படையில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவன். யாரிடமும் சொல்லாமல், மூன்று வருஷம் கிணறு வற்றின கோபத்தில் போனான். கடைசிக் கடுதாசி நாற்பத்திரண்டு தை மாதம். அப்புறம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. சண்டை முடிந்ததும் பட்டாள ஆபீசிலிருந்து ஒரு காகிதம்: ‘காணவில்லை, இறந்திருக்கலாமென்று நம்பப்படுகிறது.’

நிலம் ஆறு ஏக்கர். அண்ணன் தம்பிக்குப் பொது. தம்பி கஜபதிதான் பயிர் வைக்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. யுத்தப் பஞ்சத்தில் அவன்தான் எல்லோருக்கும் கூழ் ஊற்றினான். ஆனால் அந்த வீட்டில் முதல் கலயம் அவன் பிள்ளைகளுக்கு. கடைசிக் கலயம் அம்சாவுக்கும் மகள் ஜெயம்மாளுக்கும். ஆள் இல்லாத நாளில் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலை மாட்டை அம்சாதான் ஓட்டினாள். சால் கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் இருந்தது.

“ஒரு வேளை சோத்துக்கும் வருஷத்துக்கு ரெண்டு புடவைக்கும் ஒத்துண்டு, நிலத்துல ஒரு பாத்தியதையும் இல்லேன்னு எழுதிக் குடுக்கறே. அதான் இந்தப் பத்திரம்,” என்றார் சடகோபன்.

“எனக்குப் போனா போவுதுங்க. பொண்ணு கீது. ஒம்பது வயசு. கொழுந்தனாரு பொண்டாட்டி வரலட்சுமிக்கு பொதட்டூர்பேட்டைல ஒரு தம்பி. பொண்டாட்டி செத்தவன். முப்பத்தஞ்சு வயசு. சொத்தில்லாத பொண்ண வேற எவன் கட்டுவான், வயசுக்கு வந்ததும் அவனுக்கே குடுத்துடலாம்னு இப்பவே பேசிகினு கீறாங்க. நான் ரேகை வெச்சிட்டா அப்பால வாய் தொறக்க முடியுங்களா?”

சடகோபன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“நன்னாக் கேட்டுக்கோ. முன்னெல்லாம் புருஷன் செத்தா, பெண்டாட்டிக்கு வயக்காட்டுல பங்கு கிடையாது. இப்பச் சட்டம் மாத்தியிருக்கா. நாற்பத்தாறு கார்த்திகைக்கு அப்புறம் செத்தவனோட பெண்டாட்டிக்கு நிலத்துலயும் அவன் பங்கு உண்டு. விக்க முடியாது. உன் ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம். அதுக்கு முன்னாடி செத்திருந்தா சோறும் துணியும்தான்.”

“அவருதான் சாவலையே.”

“சரி. சாகலைன்னு யாராவது சொல்வாளா? போன கார்த்திகைக்கு அப்புறம் அவனைப் பார்த்தேன், அவனைப் பத்திக் கேட்டேன்னு?”

அம்சாவின் முகம் தெளிந்தது. “எங்க மாமியா சொல்லுதுங்களே. மாசி மாசம் மணவூரு முனியன்னு ஒரு பட்டாளத்துக்காரன் ஏரிக்கரையில பாத்தானாம். ஒம் புள்ள நல்லா கீறாருன்னு சொன்னானாம். நாங்க தேடறதுக்குள்ள போயிட்டான்.”

“அவனைப் போய்ப் பார்த்துட்டு வா. அது வரைக்கும் எதுலயும் ரேகை வைக்காதே.”

ஒரு வாரம் கழித்து மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அரக்கோணம் போய் வண்டி மாறி மணவூரில் இறங்கினாள். தலையில் ஒரு படி அவித்த மல்லாக்கொட்டை. புருஷனைப் பற்றி நல்ல சேதி சொன்னவனை வெறுங்கையோடு பார்க்கப் போவதா என்று எடுத்து வந்தாள். வண்டியில் வரும்போதே கேட்க வேண்டியதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். இளைத்துவிட்டாரா, எப்போது விடுவார்கள், ஜெயம்மாள் எத்தனை உயரம் என்று கேட்டாரா.

முனியன் ஸ்டேஷனுக்குக் கிழக்கே தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி இடித்துக்கொண்டிருந்தான். கூலி வேலை. முன்பு ஆலங்கண்டிகையில் அவர்கள் நிலத்திலேயே அறுப்புக்கு வந்தவன்தான். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பல் பாதி இல்லை. அவன்தான் அவளைத் தெரிந்துகொண்டான். அவள் நெற்றியைப் பார்த்தான். கடப்பாரையைக் கீழே போட்டான்.

“ஆத்தா அனுப்பிச்சாங்களா?”

“நானேதான் வந்தேன் முனியா. அவரு எந்த ஊர்ல கீறாரு? எப்ப பாத்தே?”

அவன் தண்டவாளத்தின் மேலேயே கண்ணாக இருந்தான்.

“ஆத்தா கிட்ட நான் பொய் சொல்லிட்டேம்மா. சேதி சொல்லணும்னுதான் ஊருக்கு வந்தேன். ஏரிக்கரையில நின்னுகினு, பட்டாளத்துக்காரனா நீ, எம் புள்ளயப் பாத்தியான்னுச்சி. கையப் புடிச்சிகினு வுடல. வாய்ல வரல தாயி. நல்லா கீறாருன்னுட்டு ஓடியாந்துட்டேன்.”

அம்சா தலைச்சுமையை இறக்கவில்லை. “அப்ப?”

“அவரு இல்லம்மா.”

மேலே சொல் என்று அவள் கேட்கவில்லை, அவனே சொன்னான். “ஜப்பான்காரன் எங்களக் கப்பல்ல ஏத்திகினு போயி ஒரு தீவுல தள்ளினான். பேரு கூடத் தெரியாது. ஏரோப்ளேன் எறங்கத் தரை போடற வேல. ஒரு கை அரிசி, அதுல பாதி புழு. ஊர்ல நான் அவர ஆண்டேன்னுதான் கூப்புடுவேன். அங்க, டேய், அண்ணேன்னு கூப்புடுடான்னாரு. பக்கத்துல பக்கத்துலதான் படுப்போம். அண்ணனுக்கு வயித்தால போவ ஆரம்பிச்சிது. பன்னெண்டு நாளு. தீபாவளி கழிச்சி மூணாம் நாளு காலைல, முனியா, கேவுரு கூழு கெடைக்குமாடான்னாரு. அவ்ளோதான்.”

“எந்தத் தீபாவளி?”

“நாப்பத்தி மூணு.”

“யாரு கொள்ளி வெச்சது?”

“நாந்தான். வேற யாரு கீறாங்க? நானே தூக்கிகினு போயி, நானே வெறவு அடுக்கி, எங் கையால தொட்டு எரிச்சேன். தப்புன்னா மன்னிச்சிக்க தாயி.”

அம்சா அப்போதுதான் சுமையை இறக்கினாள். முடிச்சை அவிழ்த்துக் கடலையை அவன் துண்டில் கொட்டினாள்.

“தப்பு இல்ல முனியா. நீயாவது கூட இருந்தியே. துன்னு.”

திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். திருத்தணியில் இறங்கி, ஊருக்குப் போகாமல் நேரே வக்கீல் வீட்டுக்குப் போனாள். சொல்லி முடிக்கும்வரை அவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை. பக்தவச்சலம்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சடகோபன் வெகுநேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நாற்பத்து மூணுன்னா உனக்கு நிலம் கிடையாது, அம்சா.”

“அவரு மூணு வருசம் அவசரப்பட்டுட்டாருன்றீங்க.”

அவர் துணியை மடித்து வைத்தார்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றார் கடைசியில். “ஒண்ணு, இப்பவே ஊருக்குப் போய்ச் சொல்லு. தலை முழுகு. கருமாதி பண்ணு. பட்டாளத்துல சொற்பப் பென்ஷன் வரும், அதுக்கு நானே மனு எழுதித் தரேன். நிலத்தை மறந்துடு. யாரும் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டா.”

“இன்னொண்ணு?”

“ஏழு வருஷம் ஒருத்தனைப் பத்திச் சேதியே இல்லேன்னா கோர்ட்டு அவனைச் செத்தவன்னு எடுத்துக்கும். என்னிக்குச் செத்தான்னு கேக்காது, வழக்குப் போட்ட நாளைத்தான் சாவு நாளா வெச்சுக்கும். இல்லே, முன்னாடியே செத்துட்டான்னு சொல்றவன்தான் அதை ருசு காட்டி நிரூபிக்கணும். கஜபதி கையில இருக்கறது ‘நம்பப்படுகிறது’ங்கற காகிதம். அது போதாது. உன் மாமியா கேட்டது வெறும் வாய்ப்பேச்சு, சேதின்னு ஆகாது. கடைசிக் கடுதாசியிலிருந்து ஏழு வருஷம், நாற்பத்தொன்பது தையில முடியறது. அதுவரைக்கும்...” நிறுத்தினார். “அதுவரைக்கும் நீ மணவூருக்குப் போகலை. முனியனைப் பார்க்கலை. இப்ப இங்க சொன்னது என் காதுல விழலை.”

“கருமாதி?”

“கூடாது. பென்ஷன் மனுவும் கூடாது. போட்டா தேதியை ஒத்துண்ட மாதிரி.”

“அழுவலாங்களா?”

“ஊர் பார்க்க அழக்கூடாது.”

“எங்க மாமியா கிட்ட?”

“அவ வாய்தான் ஊர் வாய். சொல்லாதே.” அவர் குரல் இறங்கியது. “இதைச் செய்னு நான் சொல்லலை. இருபத்திரண்டு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். இப்படி ஒருத்தி கிட்டயும் சொல்ல வேண்டி வரலை. யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க இன்னா கீதுங்க. பொண்ணு கீதே.”

அவள் கிளம்பும்போது பக்தவச்சலம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, மழையில் கரைந்த குங்குமத்தை வக்கீல் வீட்டுக் கண்ணாடியில் பார்த்து மறுபடி வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து வேலை வேலையாக இருந்தது. கார்த்திகை நடவு, தையில் அறுப்பு, மாசியில் மல்லாக்கொட்டைக்கு உழவு. ரேகை வைக்க மாட்டேன், அவர் வந்ததும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கஜபதியிடம் சொன்னாள். அவன் ஒரே பானையிலிருந்து உலையைப் பிரித்துவிட்டான். அம்சாவும் மகளும் மாமியாரும் பின்கட்டில் தனியாகப் பொங்கினார்கள்.

மாமியார் தாயாரம்மாள் கஜபதியோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “மூத்தவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஒம் பொண்டாட்டிய ஒண்டியா வுட்டுட்டேன்னா?” என்று கிழவி மூத்த மருமகள் பக்கமே படுத்துக்கொண்டாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறினாள். மகன் திரும்பி வந்தால் முடி இறக்குவதாக வேண்டுதல். தலையில் எண்ணெய் வைக்காமல் சடை விழுந்து கிடந்தது.

தினம் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்து கேட்பாள். “ஏதனா சேதி வந்துச்சாம்மே?”

“வரும் அத்தே.”

“நல்லா கீறான்னு அந்தப் பட்டாளத்துக்காரன் சொன்னானே. அவன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்றவனாட்டம் இல்ல.”

“ஆங். இல்ல.”

“உனுக்கு இன்னாடி வந்துச்சி? முன்னெல்லாம் நீ கேப்பே, நான் வரும்பேன். இப்ப நான் கேக்கறேன், நீ வரும்ற.”

அம்சா கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். கூழ் கொதிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கை நின்றுவிடும். அடி பிடித்த கூழையே அந்த வருஷம் பல நாள் மூவரும் குடித்தார்கள்.

நாற்பத்தெட்டு ஆவணியில் தாயாரம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் பேச்சு குழறியது. பட்டப்பகலில், ஆண்களெல்லாம் களத்துமேட்டில் இருந்தபோது, அம்சாவைக் கிட்டே கூப்பிட்டாள்.

“நெசம் சொல்லு. எம் மவன் வருவானா?”

கதவு திறந்திருந்தது. வாசலில் வரலட்சுமி முறத்தில் எதையோ புடைக்கும் சத்தம் கேட்டது. அம்சா மாமியாரின் காதுக்குக் குனிந்தாள். வாய் திறந்தாள். முறத்தின் சத்தம் நின்றது.

“வந்துகினே கீறாரு அத்தே. கப்பல் ஏறிட்டாராம்,” என்றாள், வாசலுக்குக் கேட்கிற மாதிரி.

சாயங்காலத்துக்குள் தாயாரம்மாள் போய்விட்டாள்.

எழவு வீட்டில் அம்சா அழுத அழுகையை ஆலங்கண்டிகையில் ரொம்ப நாள் பேசினார்கள். மாமியாருக்காக இப்படி அழுத மருமகளை யாரும் பார்த்ததில்லை. மாரில் அடித்துக்கொண்டாள், மண்ணில் புரண்டாள், பிடிக்க வந்த பெண்களைத் தள்ளினாள். பத்து மாதம் தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது.

நீ போற சீமையிலே - அத்தே
உம் மவன் இருப்பாரு
எங்கேன்னு கேட்டாக்கா - அத்தே
நான் வரலேன்னு சொல்லிடு

பாடின பிறகுதான் என்ன பாடினோம் என்று அவளுக்கு உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த வரலட்சுமி அழுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்பது மாசி பதினெட்டாம் தேதி சடகோபன் திருத்தணி முன்சீப் கோர்ட்டில் வழக்கைத் தாக்கல் செய்தார். ஏழு வருஷமாகச் சேதி இல்லாத வீராசாமி இறந்தவனாகக் கருதப்பட வேண்டும். அவன் பங்கு மூன்று ஏக்கர் மனைவிக்குச் சேர வேண்டும். கஜபதி அரக்கோணத்திலிருந்து ஒரு வக்கீலை வைத்தான். பட்டாளக் காகிதத்தைக் காட்டி, அண்ணன் நாற்பத்திரண்டிலேயே செத்துவிட்டான் என்று பதில் போட்டான்.

ஆவணியில் அம்சா கூண்டில் ஏறினாள். சத்தியம் வாங்கினார்கள். சடகோபன் நாலு கேள்விதான் கேட்டார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

“உன் புருஷன் செத்தது உனக்கு எப்ப தெரியும்?”

“தெரியாதுங்க.”

“அவனோட பட்டாளத்துல இருந்த யாரையாவது பார்த்தியா?”

“நான் பாக்கலீங்க. ஒரு ஆளு நல்லா கீறாருன்னு சொன்னதா எங்க மாமியா சொன்னாங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம், மாசில.”

“மாமியா சாவுல ஒப்பாரி வச்சியா?”

“வெச்சேங்க.”

வக்கீல் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். “நீ போற சீமையிலே உம் மவன் இருப்பாரு. இது நீ பாடினதுதானே?”

ஜன்னல் பக்கம் பெஞ்சில் கஜபதியும் வரலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். சடகோபன் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். இந்த ஒப்பாரி சங்கதி அவருக்கே தெரியாது.

“ஆங். பாடினேன்.”

“மாமியா செத்து எந்தச் சீமைக்குப் போனா? அங்க உன் புருஷன் இருக்கான்னா என்ன அர்த்தம்?”

அம்சா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“செத்தவங்களுக்குக் கப்பலு வோணுங்களா? கடலு தடையாங்க? எங்க அத்த ஏழு வருசமா ஏரிக்கரையில நின்னுச்சி. உசுரு போனப்பறமாவது மவன் கீற எடத்துக்குப் போயி பாக்கட்டும்னு பாடினேன். அது போவும். நான் உசுரோட கீறேன், என்னால போவ முடியாது. அதாங்க அர்த்தம்.”

முன்சீப் எழுதிக்கொண்டார். கூண்டிலிருந்து இறங்கியபோது படி தெரியாமல் தடுக்கினாள். பக்தவச்சலம் கை கொடுத்தார்.

புரட்டாசிக் கடைசியில் தீர்ப்பு வந்தது. வீராசாமி இறந்தவனாகக் கருதப்படுகிறான். முன்னாலேயே இறந்தான் என்பதற்குத் தக்க ருசு இல்லை. ஆகவே வழக்குப் போட்ட மாசி பதினெட்டு முதல் இறந்தவனாகக் கொள்ள வேண்டியது. மூன்று ஏக்கர் அம்சாவுக்கு.

“ஜெயிச்சுட்டே,” என்றார் சடகோபன். சந்தோஷமாகச் சொல்லவில்லை. “இனிமே ஊர் அறியக் கருமாதி பண்ணலாம், அழலாம். கோர்ட்டே சொல்லிடுத்து. ஆனா தேதி கேட்டா கோர்ட்டு தேதிதான். சித்தூருக்கு அப்பீல் போக அவனுக்கு முப்பது நாள் கெடு. அதுக்குள்ள நாற்பத்து மூணுங்கற சொல்லு உன் வாயிலேர்ந்து வந்தா எல்லாம் போச்சு. உன் மேல பொய்ச் சத்தியக் கேசும் வரும்.”

ஐப்பசி பிறந்த வாரத்தில், ஆலங்கண்டிகையில் வீராசாமிக்குக் கருமாதி நடந்தது. நந்தி ஆற்றங்கரைக்கு எல்லோரும் போனார்கள். ஆண்பிள்ளை இல்லாததால் தம்பிதான் செய்ய வேண்டும், கஜபதி மறுக்கவில்லை. பெண்கள் அம்சாவைத் தண்ணீரில் இறக்கிச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். தாலி போனது, குங்குமம் போனது. ஊரே அழுதது. அவளுக்கு அழுகை வரவில்லை. நாலு வயல் தள்ளி நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

புரோகிதர் தர்ப்பைக் கூர்ச்சத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “செத்த மாசம், பட்சம், திதி?”

கஜபதி ஈர வேட்டியோடு எழுந்து அம்சாவிடம் வந்தான். வழக்கு போட்டதிலிருந்து அவன் அவளோடு பேசியதில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

“அண்ணி, எங்க அம்மா சாவுல நீ அழுதது அம்மாவுக்கில்ல. எனக்குத் தெரியும். வக்கீலுக்கு அந்த ஒப்பாரிய சொல்லிக் குடுத்ததும் நாந்தான். போவட்டும், நீ ஜெயிச்சே. மூணு ஏக்கரும் நீயே வெச்சிக்க. அண்ணன் என்னிக்கி செத்தாரு, அத மட்டும் சொல்லு. நான் கூடப் பொறந்தவன். வேற நாள்ல பிண்டம் வெச்சா அது அவருக்குப் போவாது.”

“கோர்ட்டுல சொன்னதுதான்.”

“அப்பீலு போவல. முருகன் சத்தியமா போவல. கேக்கறது கஜபதி இல்ல, தம்பின்னு நெனச்சிக்க.”

அவன் கண் சிவந்திருந்தது. அம்சா அவனைத் தாண்டிப் பார்த்தாள். மணலில் ஜெயம்மாள், தலையில் துண்டு போட்டுக்கொண்டு, கஜபதியின் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் வரலட்சுமி.

“மாசி பதினெட்டு,” என்றாள் அம்சா.

கஜபதி திரும்பிப் போய் உட்கார்ந்து புரோகிதரிடம் அதையே சொன்னான். அந்தத் திதியிலேயே எள்ளும் தண்ணீரும் விட்டான். எள் அவன் விரலிடுக்கில் இறங்குவதை அம்சா பார்த்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் சத்தியம் பண்ணிவிட்டுச் சொன்ன பொய்யைவிட இது கனமாக இருந்தது.

ஐப்பசியும் போனது. முப்பத்தொன்றாம் நாள் திருத்தணிக்கு நடந்து போனாள். பக்தவச்சலம் சித்தூரில் விசாரித்து வைத்திருந்தார்; அப்பீல் இல்லை. “இன்னும் ஒரு வாரம் பொறும்மா, எதுக்கும்,” என்றார். ஒரு வாரமும் பொறுத்தாள்.

எட்டாம் நாள் காலையில் கஜபதி தன் பங்கு வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். சேற்றில் இறங்கி அவனிடம் போனாள். வெள்ளைப் புடவையின் ஓரம் சேறாயிற்று.

“தீபாவளி கழிச்சி மூணாம் நாளு,” என்றாள். “நாப்பத்தி மூணு. பன்னெண்டு நாளு வயித்தால போயி, காலைல. கடலு தாண்டி ஒரு தீவுல. மணவூரு முனியந்தான் கூட இருந்து கொள்ளி வெச்சான்.”

கஜபதி மண்வெட்டியை ஊன்றியபடி நின்றான். மடை திறந்தே கிடந்தது. தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

“இந்த வருசத் திதி போயிடுச்சே,” என்றான். பிறகு, “அன்னிக்கி ஆத்தங்கரையில கேட்டனே.”

“கேட்டீங்க.”

“சத்தியம் பண்ணனே.”

“பண்ணீங்க. நான் சொல்லியிருந்தா, நீங்க அப்பீலு போவாம இருந்திருப்பீங்களா?”

அவன் வாய்க்காலையும், அதற்கு அப்பால் இனி அவளுடையதான மூன்று ஏக்கரையும் பார்த்தான்.

“தெரியல அண்ணி,” என்றான். “கேக்கும்போது போவக் கூடாதுன்னுதான் இருந்திச்சி. வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு ஆயிருந்தா, போயிருப்பனோ என்னமோ.”

அப்புறம் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். அம்சா வரப்பிலேயே உட்கார்ந்து, அடித்தொண்டையிலிருந்து அழ ஆரம்பித்தாள். அவன் பக்கத்தில் நின்றான்.